அடைத்துக்கொள்ளாது, தீர்ந்துபோகும்: கிளீன்ரூம் கெமிக்கல் ஃபில்டரின் வரவு செலவு

கிளீன்ரூம் என்ற மீத்தூய அறையில் தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரில் தூசி ஏறினால் பிரஷர் கேஜ் காட்டிக்கொடுத்துவிடும். முள் ஏறும், காற்று குறையும், மாற்றவேண்டிய நேரம் தானே தெரிந்துவிடும். காற்றில் கலந்த வாயுக்களைப் பிடிக்கும் கெமிக்கல் ஃபில்டர் வாய் திறக்காது. பூட்டிய அன்று 30 பாஸ்கல் காட்டினால், வேலை தீர்ந்துபோன அன்றும் அதே 30 பாஸ்கல்தான். தொட்டுப் பார்த்தாலும் முகர்ந்து பார்த்தாலும் புதியதற்கும் பழையதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் இதை வைத்திருப்பவர் வரவு செலவுக் கணக்கு எழுதியே ஆகவேண்டும். எவ்வளவு வாயு வந்தது, எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் இந்த ஃபில்டரை நம்பக்கூடாது.

இந்த ஃபில்டர்களுக்கு மிகக் கடுமையான வேலை இருக்கும் இடம் செமிகண்டக்டர் ஃபேப்பின், அதாவது சிப் தொழிற்சாலையின், லித்தோகிராபி பகுதி; ஒளியால் சிப்பின் வடிவத்தை அச்சிடும் இடம் அது. அங்கே 248 நானோமீட்டர் ஒளிக்குப் பயன்படும் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சு வேலை செய்யும் விதம்தான் காரணம். ஒளி பட்ட இடத்தில் துளி அமிலம் உண்டாகும். பிறகு வேஃபரை, அதாவது பூச்சு ஏறிய சிலிக்கான் தட்டை, சூடாக்கும்போது ஒவ்வோர் அமில மூலக்கூறும் நூற்றுக்கணக்கான வினைகளைத் தூண்டி, அந்த இடத்தை டெவலப்பர் கரைசலில் கரையவைக்கும். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய முறை இது. ஒரு மூலக்கூறு பல நூறு வேலை செய்கிறது என்பதே இதன் பலம், அதுவே பலவீனமும்கூட. அறைக்காற்றில் உள்ள அம்மோனியா ரெசிஸ்டின் மேற்பரப்பில் படிந்து அந்த அமிலத்தைச் சமன்செய்துவிட்டால், மேல்தோல் மட்டும் கரையாமல் நின்றுவிடும். குறுக்குவெட்டில் பார்த்தால் கோடுகள் தலை அகன்று, ஆங்கில ‘டி’ எழுத்துப்போல நிற்கும். காரணம் காற்றில் வரும் காரவாயுதான் என்பதை 1991இல் அதே நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பிபிபி அளவில், அதாவது நூறு கோடி மூலக்கூறுகளுக்குச் சில மூலக்கூறுகள் இருந்தாலே இந்தப் பழுது வரும். பின்னால் வந்த ரெசிஸ்ட்கள் கொஞ்சம் பொறுமைசாலிகள். ஆனால் 193 நானோமீட்டரில் வேறொரு தொல்லை சேர்ந்துகொண்டது. அம்மோனியாவும் கந்தக டைஆக்சைடும் ஈரமும் ஒளியும் கூடினால், அச்சிடவேண்டிய வடிவம் உள்ள மாஸ்க் தட்டின் மேல் அம்மோனியம் சல்ஃபேட் மங்கலாகப் படியும். மாஸ்க்கின் படிவு ஒவ்வொரு வேஃபரிலும் அச்சாகும்.

இந்த அம்மோனியா வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மனித மூச்சிலேயே பிபிபி கணக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. வியர்வை, புதுக் கான்கிரீட், பெயின்ட், அம்மோனியா கலந்த வேஃபர் கழுவல், பாலிஷ் ஸ்லரி எல்லாமே தருகின்றன. ரெசிஸ்ட் ஒட்டுவதற்குப் பூசும் எச்.எம்.டி.எஸ். என்ற சிலிக்கான் சேர்மம் ஈரத்தோடு வினைபுரிந்து அம்மோனியாவைக் கக்கும். ஃபேப்பைச் சுற்றி மரமே இல்லாத பாலைவனமாக இருந்தாலும் உள்ளே கெமிக்கல் ஃபில்டர் தேவைப்படுவது இதனால்தான்.

கெமிக்கல் ஃபில்டருக்குள் குருணையும் வைக்கலாம், இழைத்துணியும் வைக்கலாம். இங்கே ஏன் இழை? ஆக்டிவேட்டட் கார்பன் குருணை மலிவு, கொள்ளளவும் தாராளம். ஆனால் 2 மில்லிமீட்டர் குருணையின் உள்நெஞ்சுவரை வாயு ஊர்ந்துபோக நேரமாகும். ஊர்ந்துபோகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குருணைக்கும் 10 மைக்ரான் ஆரமுள்ள இழைக்கும் தூரம் 100 மடங்கு என்றால், நேரம் 10,000 மடங்கு. வெளிப்பரப்பும் அப்படியே: 20 மைக்ரான் விட்டமுள்ள இழை ஒரு கிராமுக்குச் சுமார் 0.2 சதுர மீட்டர் வெளிப்பரப்பைத் தரும். அந்தக் குருணை அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இழைத்துணியை மடிப்பு மடிப்பாக வைத்து, காற்று 0.03 விநாடியில் கடந்துபோனாலும் வேலை முடிந்துவிடுகிறது. இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அம்மோனியா மூலக்கூறு தாண்ட விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தடை சில பத்து பாஸ்கலோடு நிற்கும் என்பதால், ஃபேப்பின் கூரையில் உள்ள சிறிய விசிறி யூனிட்டின் தலைமேலேயே வைக்க முடிகிறது.

இழையில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று ஆக்டிவேட்டட் கார்பன் இழை. ரேயான், ஃபீனாலிக் பிசின், பிட்ச் போன்றவற்றின் நூலைக் கரியாக்கி நீராவியிலோ கார்பன் டைஆக்சைடிலோ சுட்டுத் துளைகள் போடுவார்கள். கிராமுக்கு 1000 முதல் 2000 சதுர மீட்டர் பரப்பு வரும். குருணையில் பெரிய துளை, நடுத்துளை, சிறுதுளை என்று சந்துபொந்து தாண்டிப் போகவேண்டும். இழையில் 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைகள் நேராக மேற்பரப்பிலேயே வாய் திறந்திருக்கும். கரிம ஆவிகளுக்கு இது ஏற்றது.

மற்றது அயனிப் பரிமாற்ற இழை. அம்மோனியாவுக்கும் அமில வாயுக்களுக்கும் இதுதான் சரியான தேர்வு. பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் நெய்யாத் துணியின்மேல் எலக்ட்ரான் கற்றை பாய்ச்சி, பாலிமர்ச் சங்கிலியில் வினைமுனைகளை உண்டாக்குவார்கள். ஆக்சிஜன் பட்டால் அந்த முனைகள் வீணாகிவிடும் என்பதால் நைட்ரஜனிலேயே வைத்து, கிளிசிடில் மெத்தாக்ரிலேட் போன்ற மோனோமரில் முக்குவார்கள். கிளைகள் முளைக்கும். அவற்றில் சோடியம் சல்ஃபைட் கொண்டு சல்ஃபோனிக் தொகுதியைச் சேர்த்து, கடைசியில் அமிலத்தில் அலசி ஹைட்ரஜன் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். ஜப்பானின் தகாசாகியில் உள்ள அணுசக்தி ஆய்வுக்கூடம் இந்த ஒட்டுமுறையில் நெடுநாள் உழைத்தது. பெலாரஸின் மின்ஸ்கில் ஃபிபான் என்ற பெயரில் வளர்ந்த இழைகளும் இதே இனம். கொள்ளளவு கிராமுக்கு 2 முதல் 3 மில்லிமோல் வரை.

பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்த கார்பனும் அம்மோனியாவைப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் அமிலம் துளைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஈரம் ஏறினால் கசியும், அதிர்ந்தால் தூளோடு உதிரும். ஒட்டு இழையில் சல்ஃபோனிக் தொகுதி வேதிப்பிணைப்போடு நிற்பதால் உதிர வழியில்லை. லித்தோகிராபி கருவியின் லென்ஸுக்கு நேர்மேலே வைக்கும் கடைசி அடுக்கில் ஊறவைத்த கார்பனைத் தவிர்ப்பது நல்லது. வெளிக்காற்று உள்ளே வரும் பெரிய ஏர் ஹேண்ட்லரில் அதற்கு இடம் கொடுக்கலாம்.

இனி கணக்கு. 610க்கு 610 மில்லிமீட்டர் ஃபில்டர், முகத்தில் விநாடிக்கு 0.45 மீட்டர் வேகம். மணிக்குச் சுமார் 603 கன மீட்டர் காற்று. அம்மோனியா 10 பிபிபி என்று வைப்போம். 25 டிகிரியில் 1 பிபிபி அம்மோனியா என்பது கன மீட்டருக்கு 0.7 மைக்ரோகிராம், ஆக 10 பிபிபி என்பது 7 மைக்ரோகிராம். மணிக்கு 4.2 மில்லிகிராம், நாளுக்கு 100 மில்லிகிராம், வருஷத்துக்கு 37 கிராம். மோலில் சொன்னால் 2.16. ஃபில்டருக்குள் 1.5 கிலோ இழை, கிராமுக்கு 2.5 மில்லிமோல் என்றால் மொத்தக் கொள்ளளவு 3.75 மோல். ஆனால் கடைசி மோல்வரை திறன் குறையாமல் இருக்காது. 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன் 60 சதவீதம்தான் பயன்பட்டிருக்கும் என்று வைத்தால் கையில் இருப்பது 2.25 மோல். அதாவது ஒரு வருஷமும் இரண்டு வாரமும்.

இதே ஃபில்டருக்கு மேலே அம்மோனியா 30 பிபிபி ஆனால் நான்கு மாதம்தான். 1 பிபிஎம், அதாவது 1000 பிபிபி, ஆனால் நான்கு நாள்! இழை ஃபில்டரின் எல்லை இங்கே பளிச்சென்று தெரிகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கன்ட்ரோல் ரூமில், ஹைட்ரஜன் சல்ஃபைடு பிபிஎம் கணக்கில் வரும் இடத்தில் இழையை வைப்பது காசைக் கரைப்பது. அங்கே ஆழமான குருணைப் படுக்கை, பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா என்று போகவேண்டும். இழை பிபிபி உலகத்துக்கானது.

அந்த 60 சதவீதத்தை கேட்லாக்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். கேட்லாக் சோதனைகளில் நேரத்தைச் சுருக்குவதற்காக பிபிஎம் அளவு வாயுவை விடுவார்கள். வாயு ஃபில்டர்களைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 10121 தரத் தொடரிலும் சோதனைச் செறிவுகள் ஃபேப்பின் உண்மைச் செறிவைவிட மிக அதிகம். கார்பனில் செறிவு குறைந்தால் பிடிக்கும் அளவும் குறையும், ஆகவே பிபிஎம் சோதனையில் வந்த கிராம் கணக்கு பிபிபியில் கிடைக்காது. அமிலமும் காரமும் வினைபுரியும் அயனி இழையில் இந்தச் சறுக்கல் குறைவு. அயனி இழைக்குக் கேட்லாக்கை ஓரளவு நம்பலாம், கார்பனுக்குக் கூடாது என்பது எங்கள் தீர்ப்பு.

அமில வாயுப் பக்கத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. குவாட்டர்னரி அம்மோனியம் தொகுதியுள்ள வன்கார இழை ஹைட்ராக்சைடு வடிவத்தில் வந்தால், பையைப் பிரித்த உடனே காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அதைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய கந்தக டைஆக்சைடு பிபிபியில் இருக்கிறது, கார்பன் டைஆக்சைடோ 400 பிபிஎம்முக்கும் மேல். சில நாளில் இழை முழுக்கக் கார்பனேட், பைகார்பனேட் ஆகிவிடும். இதனால் ஃபில்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வலிய அமிலம் வரும்போது கார்பானிக் அமிலம் இடம்விட்டுப் போய்விடும். வலுவற்ற கரிம அமிலங்களைப் பிடிக்கும் திறன்தான் குறையும். இன்னொன்று, இந்தக் கார இழை சிதைந்தால் டிரைமெத்தில் அமீன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். லித்தோகிராபிக்கு அமீன் அம்மோனியாவைப் போலவே விஷம். ஆகவே வரிசை எப்போதும் இப்படி: முதலில் அமிலவாயுவைப் பிடிக்கும் கார இழை, அதற்குக் கீழே காரவாயுவைப் பிடிக்கும் அமில இழை. மேலே கசியும் அமீனைக் கீழே உள்ளது வாங்கிக்கொள்ளும். இரண்டையும் தலைகீழாகப் பூட்டினால் ஃபில்டரே கலப்படம் செய்யும். உறையில் உள்ள அம்புக்குறியைப் பார்த்தே பூட்டுங்கள். துகள் பிடிக்கும் அல்ட்ரா ஃபில்டர் எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியில்.

கார்பன் இழையில் வேறொரு வில்லங்கம். யாரோ ஒருவர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தாராளமாகத் துடைக்கிறார். கார்பன் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு கனமான ஆவி ஏதாவது வந்தால் இலேசானது இடம்விட்டுக் கிளம்பும். அந்த நேரத்தில் ஃபில்டருக்கு மேலே உள்ளதைவிடக் கீழே அதிகமாக அளவு காட்டும். மீட்டர் பழுது என்று நினைப்பார்கள். பழுதில்லை, ஃபில்டர் திருப்பிக் கொடுக்கிறது. ஈரப்பதம் திடீரென்று 60 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இதேதான் நடக்கும், நீர் துளைகளைப் பிடித்துக்கொள்ளும். அயனி இழைக்கு நேர்மாறு: அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. காற்று மிக வறண்டுபோனால் இழை இறுகி, வாயு உள்ளே போவது மந்தமாகும். 40 முதல் 45 சதவீத ஈரப்பதத்தில் இரண்டும் ஒத்துப்போகும்.

சில வாயுக்களிடம் எந்த இழையும் தோற்கும். நைட்ரிக் ஆக்சைடு நழுவிவிடும். நைட்ரஜன் டைஆக்சைடு கார்பனில் பட்டு, பாதி நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் கீழே இறங்குவதும் உண்டு. எச்.எம்.டி.எஸ்.-இலிருந்து அம்மோனியாவோடு பிறக்கும் டிரைமெத்தில் சிலனால் மகா மோசம். சிறிய மூலக்கூறு, கார்பன் அதை நெடுநேரம் பிடித்துவைக்காது. அமில ஊடகத்தில் பட்டால் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஹெக்ஸாமெத்தில் டைசிலோக்சேன் ஆகும். இரண்டுமே லென்ஸில் ஒளி பட்டுச் சிலிக்காவாகப் படியும், அதைத் துடைத்தெடுக்க முடியாது. இதற்கு ஃபில்டரைத் தேடுவதைவிட எச்.எம்.டி.எஸ். பூசும் அறையின் புகைபோக்கியைச் சரிசெய்வதுதான் வைத்தியம்.

பூட்டும் நாளில் கவனம் தேவை. ஃபில்டர் அலுமினியம் பூசிய பையில் சீல் செய்யப்பட்டு வரும். கிடங்கில் பையைக் கிழித்துப் பார்த்தால் கணக்கில் செலவு அன்றே தொடங்கிவிட்டது. பூட்டும் இடத்துக்குக் கொண்டுபோய், சட்டத்தைத் துடைத்து, பழையதை இறக்கி, அதன்பின் பையைப் பிரியுங்கள். கையுறை இல்லாமல் ஊடகத்தை, அதாவது உள்ளே இருக்கும் இழைத்துணியை, தொடவேண்டாம். சட்டத்தோரம் உள்ள அடைப்புப் பட்டையான கேஸ்கெட் நாலு பக்கமும் ஒரே அளவு நசுங்கவேண்டும். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் எதிர்மூலை தூக்கிக்கொள்ளும். குறுக்குக் குறுக்காக, சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். ஊடகத்தின் திறன் 99.9 சதவீதமானாலும் சட்டத்தோரம் 1 சதவீதக் காற்று ஒழுகினால் மொத்தத் திறன் 99 சதவீதத்தைத் தாண்டாது. இழை ஃபில்டரில் வரும் புகார்களில் ஊடகத்தைச் சந்தேகிக்குமுன் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஒழுகலை அடைக்க சிலிகோன் பசையைப் பூசினால், அம்மோனியாவைத் தடுக்கப் போய் சிலோக்சேனை வரவேற்றதாகும். அல்ட்ரா ஃபில்டரின் கசிவைச் சோதிக்க எண்ணெய்ப் புகை விடும் வழக்கம் இருந்தால், அப்போது கெமிக்கல் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த எண்ணெய் கார்பனை நிரப்பிவிடும்.

புதுக் கட்டடத்தில் நல்ல செட்டை முதல் நாளே பூட்டுவது வீண். கான்கிரீட்டும் பெயின்டும் கக்குவது அடங்கும்வரை மலிவான ஒரு செட்டைப் பலிகொடுங்கள். சிங்கப்பூர் போன்ற ஊரில் வெளிக்காற்றும் திடீரென்று மாறும். சுமத்ராவில் காடு எரிந்து 2013 ஜூன் 21 அன்று அங்கே மாசுக் குறியீடு 401 தொட்டது. தூசிக்கு மட்டும் பயந்தால் போதாது. கட்டை எரியும் புகையில் அம்மோனியாவும் அசிட்டிக் அமிலமும் நூற்றுக்கணக்கான கரிம ஆவிகளும் உண்டு. அப்படிப்பட்ட வாரங்களைக் கணக்கில் தனியாக எழுதிச் சேர்க்கவேண்டும்; வருஷச் சராசரியில் கரைத்துவிட்டால் ஃபில்டர் சொன்ன தேதிக்கு முன்பே தீர்ந்துவிடும்.

அளவெடுப்பது எப்படி? எளிய வழி இம்பிஞ்சர். மீத்தூய நீர் 20 மில்லிலிட்டர் உள்ள குப்பியில் நிமிஷத்துக்கு 1 லிட்டர் காற்றைக் குமிழியிட்டு இழுத்து, நீரிலுள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் அயன் குரோமட்டோகிராபியில் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் 0.36 கன மீட்டர். ஃபில்டருக்குக் கீழ்ப்பக்கம் 0.1 பிபிபிதான் இருக்கிறது என்றால் குப்பியில் சேர்வது 0.025 மைக்ரோகிராம், 20 மில்லிலிட்டரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் சொச்சம். கருவியின் விளிம்பில் நிற்கும் எண் அது. 24 மணி நேரம் இழுக்கலாமே என்று தோன்றும். ஆனால் 22 டிகிரியில் 45 சதவீத ஈரமுள்ள காற்று, கன மீட்டருக்குப் பத்து கிராமுக்கும் மேல் நீரை வாரிக்கொண்டு போகும். ஒரு நாளில் 15 மில்லிலிட்டர் ஆவியாகி, குப்பியில் அடிவண்டல் மாதிரி 5 மில்லிலிட்டர் மிஞ்சும். அதை அறியாமல் 20 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அம்மோனியா நாலு மடங்காகத் தெரியும். குப்பியை முன்னும் பின்னும் எடைபோடுங்கள். இரண்டு குப்பிகளைத் தொடராக வைத்தால் முதலாவதிலிருந்து எதுவும் தப்பியதா என்பதும் தெரிந்துவிடும். காற்று இழுக்காத வெறுங்குப்பி ஒன்றையும் கூடவே கொண்டுபோய்த் திறந்து மூடி வாருங்கள். குப்பியைத் திறப்பவரின் மூச்சு அதில் எவ்வளவு சேர்ந்தது என்பதை அது காட்டும். சில நாள் அந்த எண்ணே மாதிரியின் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும்.

மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் எடுக்காத அளவுக்கு மதிப்பில்லை. ஆள் நடமாட்டத்தோடு அம்மோனியா மணிக்கு மணி மாறுகிறது.

கழற்றிய ஃபில்டரை உடனே எறிந்துவிடாதீர்கள். நடுமடிப்பிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டி, உலர்த்தி, ஒரு கிராம் எடை பார்த்து, லிட்டருக்கு 1 மோல் சோடியம் குளோரைடு கரைசல் 100 மில்லிலிட்டரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். மிச்சமுள்ள ஹைட்ரஜன் அயனி கரைசலுக்கு வந்துவிடும். அதை 0.1 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு டைட்ரேட் செய்யுங்கள். நிறங்காட்டியாக ஃபீனால்ஃப்தலீன் போடக்கூடாது. பிடிபட்ட அம்மோனியமும் கரைசலில் இருக்கிறது, அந்த நிறம் மாறும் இடத்துக்குள் அதுவும் காரத்தைத் தின்னத் தொடங்கி, மிச்சம் அதிகம் இருப்பதாகப் பொய் சொல்லும். மெத்தில் ரெட் போடுங்கள். புது இழை 25 மில்லிலிட்டர் வாங்கும். பழையது 9 வாங்கினால் 64 சதவீதம் செலவாகிவிட்டது; 18 வாங்கினால் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டீர்கள். நடுத்துண்டு 9, ஓரத்துண்டு 17 என்று வந்தால் காற்று சமமாகப் பாயவில்லை, விசிறிக்கும் ஃபில்டருக்கும் நடுவே உள்ள பரப்புத்தட்டைப் பார்க்கவேண்டும். அடுத்த மாற்றத்தின் தேதியை இந்த எண்ணிலிருந்து எழுதுங்கள்.